ஆளாமல் அறிதல்

இதயத் துடிப்பையும் செரிமானத்தையும் யாரும் நினைத்த மாத்திரத்தில் நிறுத்தவோ நடத்தவோ முடியாது. மூச்சு அப்படியல்ல. உறங்கும்போது யாரும் ஏவாமல் அது நடந்துகொண்டே இருக்கிறது. விழித்திருக்கும்போது வேண்டுமானால் நீட்டலாம், குறைக்கலாம், சிறிது நேரம் அடக்கியும் வைக்கலாம். மூளைத்தண்டின் முகுளப் பகுதியில் உள்ள சிறியதொரு நரம்பணுத் தொகுதி அதன் தாளத்தை இரவும் பகலும் காத்துவருகிறது. பேசவும் பாடவும் நீரில் மூழ்கவும் வேண்டியபோது பெருமூளை அந்தத் தாளத்தில் குறுக்கிட்டு, வேலை முடிந்ததும் விலகிக்கொள்கிறது. ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே போய்த் திரும்புகிறது. இதில் பெரும்பகுதி யாருடைய கவனத்திலும் படாமலே நடந்து முடிந்துவிடுகிறது.

தானாக நடப்பதும் விரும்பி நடத்துவதும் சந்திக்கும் இந்த இடத்தை இந்தியத் துறவு மரபுகள் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டன. அங்கிருந்து இரண்டு வழிகள் கிளைத்தன. மூச்சை அளந்து, நீட்டி, அடக்கி, அதன் வழியாக மனத்தை அடக்குவது ஒன்று. மூச்சில் கைவைக்காமல், அது நடக்கிறபடியே அறிந்துகொண்டிருப்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பாலி நூல்களில் ஆனாபானசதி என்று பெயர். பார்வைக்கு இதுவே எளிது. உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதுவே கடினம் என்பது தெரியும். கவனம் மூச்சின்மீது விழுந்த மறுகணமே மனம் அதைத் திருத்த ஆரம்பித்துவிடுகிறது. கொஞ்சம் ஆழமாக இழுக்கிறது, சீராக்கப் பார்க்கிறது, நன்றாக நடக்கிறதா என்று சோதிக்கிறது. சும்மா விடத் தெரியாத இந்தப் பழக்கம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடமாக மூச்சு அமைந்திருப்பதுதான் இப்பயிற்சியின் தனிச் சிறப்பு.

புத்தரின் வாழ்க்கையில் இரண்டு வழிகளுமே வருகின்றன. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 36ஆம் சுத்தம் (அதாவது உரை) அவர் ஞானம் பெறுவதற்கு முன் செய்த கடுந்தவத்தை விவரிக்கிறது. வாயையும் மூக்கையும் அடைத்து மூச்சை நிறுத்தினார். காதுகளில் காற்று இரைந்தது. காதுகளையும் அடைத்தார், மண்டை பிளப்பதுபோல் வலித்தது, வயிறு அறுபட்டது, உடல் தீயாய் எரிந்தது. உறுதி குலையவில்லை, ஆனாலும் தேடியது கிடைக்கவில்லை. அப்போது ஒரு சிறுவயது நினைவு வருகிறது. தந்தை வேலையில் ஈடுபட்டிருக்க, நாவல் மர நிழலில் தனியே அமர்ந்திருந்தபோது முயற்சியில்லாமல் வாய்த்த அமைதி அது. இதுதான் வழியாக இருக்குமோ என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்கிறார். அந்த நிழலில் சிறுவன் கவனித்தது மூச்சையே என்று பிற்கால உரைகள் கூறுகின்றன. மூச்சை வென்று எதையும் அடையவில்லை என்ற அனுபவத்துக்குப் பிறகு வந்த போதனை என்பதால்தான் ஆனாபானசதியில் அடக்குதல் என்ற பேச்சே இல்லை.

அடுத்து வைசாலியில் நடந்த துயரம் ஒன்றைத் துறவிகளின் ஒழுங்கைச் சொல்லும் விநய நூலும் மற்றொரு உரைத் தொகுப்பான சங்யுத்த நிகாயமும் பதிவுசெய்திருக்கின்றன. உடலின் அருவருப்பான தன்மைகளைத் தியானித்துவந்த துறவிகள் பலர் தங்கள் உடலையே வெறுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தனிமையிலிருந்து திரும்பிய புத்தர் சங்கம் மெலிந்திருப்பதைக் கண்டு, எஞ்சியவர்களைக் கூட்டி மூச்சின்மீதான கவனத்தைக் கற்பித்தார். அமைதியானது, இனியது, வேறு எதையும் கலக்க வேண்டாதது என்று அதை அவர் விவரித்தார். உடலை வெறுக்காமல் உடலுக்குள்ளேயே தங்கும் வழியாக இது தரப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. மன உறுதிக்கான சவாலாக இதை எடுத்துக்கொள்பவர்கள் இது பிறந்த சூழலையே தவறவிடுகிறார்கள். ஞானம் பெற்ற பின்னும் புத்தர் ஒரு மழைக்காலத்தின் மூன்று மாதங்களை இப்பயிற்சியிலேயே கழித்தார் என்று சங்யுத்த நிகாயம் சொல்கிறது. கரை சேர்ந்தவருக்கும் அது தங்குமிடமாகவே இருந்திருக்கிறது.

முழு முறையும் மஜ்ஜிம நிகாயத்தின் 118ஆம் சுத்தமான ஆனாபானசதி சுத்தத்தில் உள்ளது. சாவத்தி நகருக்குக் கிழக்கே, விசாகை என்ற பெருமாட்டி கட்டிக்கொடுத்த மாளிகையில், மழைக்கால வாசம் முடிந்த பின்னும் புத்தர் ஒரு மாதம் கூடுதலாகத் தங்கினார். கார்த்திகை முழுநிலா இரவில், திறந்த வெளியில் அமைதியாக அமர்ந்திருந்த துறவிகளிடம் இந்த உரை நிகழ்ந்தது. காட்டிலோ மரத்தடியிலோ ஆளில்லாத குடிலிலோ காலை மடக்கி, முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும் என்ற அளவில் ஏற்பாடுகள் முடிந்துவிடுகின்றன. அதன்பின் பதினாறு படிகள். உடல், உணர்ச்சி, மனம், மெய்ம்மை என்ற நான்கு தலைப்புகளில் தலைப்புக்கு நான்காக அவை அமைகின்றன.

முதல் இரண்டு படிகளில் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. நீண்ட மூச்சு உள்ளே வந்தால் நீண்டது என்று அறிய வேண்டும், குறுகிய மூச்சு வந்தால் குறுகியது என்று அறிய வேண்டும், அவ்வளவுதான். நீண்டது நல்லது, குறுகியது கெட்டது என்ற தீர்ப்பு அங்கே இல்லை. மூன்றாம் படியிலிருந்துதான் ‘பயில்கிறான்’ என்ற வினை நுழைகிறது. முதலில் உள்ளதை உள்ளபடி அறிந்துகொள், பயிற்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற இந்த வரிசை மிகவும் கவனிக்கத்தக்கது. பலர் முதல் வாரத்திலேயே நான்காம் படியின் அமைதியை எதிர்பார்த்து, கிடைக்காதபோது தமக்கு இது ஒத்துவராது என்று எழுந்துவிடுகிறார்கள். பதற்றமான நாளில் மூச்சு குறுகித்தான் வரும். அது குறுகி வருகிறது என்று தெரிந்திருந்தால் அன்றைய பயிற்சி நடந்துவிட்டது.

மூன்றாம் படி உடல் முழுவதையும் உணர்ந்தபடி மூச்சுவிடுவது. இதில் மரபுகள் பிரிகின்றன. இங்கே உடல் எனப்படுவது மூச்சின் உடலே. அதன் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் விடாமல் அறிவதே கருத்து என்கிறது பிற்கால விளக்க நூலான விசுத்திமக்கம். உச்சி முதல் பாதம் வரையிலான இந்த உடலையே குறிக்கிறது என்று கொண்டு, மூச்சின் அசைவை உடலெங்கும் பரவவிட்டு உணரச் சொல்கிறார்கள் தாய்லாந்தின் வனத் துறவிகள் சிலர். இரண்டு விதமாகவும் பயின்று பயனடைந்தவர்கள் இருப்பதால் இந்த வழக்கை உட்கார்ந்து பார்ப்பவர் தமக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம். நான்காம் படியில் மூச்சு தானாகத் தணிகிறது. அடுத்த தலைப்பில் மகிழ்ச்சியும் இன்பமும் தலைகாட்டி அடங்குகின்றன. மூன்றாம் தலைப்பில் மனம் தன்னையே அறிந்து, களித்து, ஒருமித்து, விடுபடுகிறது. கடைசித் தலைப்பில் நிலையாமை, பற்று மங்குதல், ஒழிதல், கைவிடுதல் என்று பயிற்சி வேறு தளத்துக்குப் போய்விடுகிறது. இத்தனைக்கும் நடுவே மூச்சு எங்கும் விடுபடுவதில்லை. பதினாறு படிகளிலும் ஒவ்வொன்றும் உள்மூச்சோடும் வெளிமூச்சோடும் சேர்த்தே சொல்லப்படுகிறது. ஆகவே மூச்சு வெறும் தொடக்கப் பாடம் அல்ல.

சுத்தம் சுருக்கமானது, கைப்பிடித்து நடத்தும் வேலையை உரையாசிரியர்கள் செய்தார்கள். அவர்களில் முதன்மையானவர் 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசர். தமிழகத்தோடு அவருக்குத் தொடர்பு உண்டு: காஞ்சியில் தம்மோடு வாழ்ந்த சோதிபாலர் என்ற துறவியின் வேண்டுகோளை அங்குத்தர நிகாய உரையின் முடிவில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். விசுத்திமக்கத்தின் எட்டாம் அதிகாரத்தில் வரும் மூச்சுப் பகுதி, பயில்பவர் தடுக்கி விழும் இடம் ஒவ்வொன்றையும் அறிந்தவர் எழுதியது போலிருக்கிறது. புதியவர் முதலில் மூச்சுகளை எண்ண வேண்டும். ஐந்துக்குக் குறைவாக எண்ணினால் மனம் நெருக்கடியில் சிக்கியதுபோல் துள்ளும். பத்துக்கு மேல் போனால் மனம் மூச்சை விட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஐந்து முதல் பத்துக்குள் எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நெல் அளப்பவர் மரக்கால் நிறையும்வரை ‘ஒன்று, ஒன்று’ என்று சொல்லிக்கொண்டே, கண்ணில் பட்ட தூசு தும்பை எடுத்துப் போட்டுவிட்டுப் பிறகே ‘இரண்டு’ என்று நகர்வார் அல்லவா, தொடக்கத்தில் அந்த நிதானம் வேண்டும். எண்ணாமலே கவனம் நிற்கத் தொடங்கியதும் எண்ணுவதை விட்டுவிட வேண்டும். பிறகு மூச்சு மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ படும் இடத்தில் மட்டும் நிற்க வேண்டும். மூச்சோடு உள்ளே தொப்புள்வரைக்கும் வெளியே வெகுதூரத்துக்கும் அலைந்தால் உடலும் மனமும் கலங்கும் என்று எச்சரிக்கிறார்.

அவர் சொல்வதில் மிக நுட்பமானது மூச்சு காணாமற்போகும் கட்டம். மற்றத் தியானப் பொருள்கள் பயில்கிற அளவுக்குத் துலங்கிவரும். மூச்சு மட்டும் பயில்கிற அளவுக்கு நுணுகிக்கொண்டே போகும். மனம் தணியத் தணிய மூச்சும் தணிந்து, இருக்கிறதா இல்லையா என்ற ஐயம் எழும். பயிற்சி போய்விட்டது என்று எழுந்து போகவும் கூடாது, மூச்சைப் பலமாக இழுத்துப் பார்க்கவும் கூடாது. மூச்சு இல்லாதவர்கள் யார் யார் என்று நினைத்துப் பார்க்கச் சொல்கிறார்: தாயின் கருவில் இருக்கும் பிள்ளை, நீரில் மூழ்கியவர், இறந்தவர், நான்காம் தியான நிலையை எட்டியவர் என்று ஒரு சிறு பட்டியல். நீ இவர்களில் ஒருவனும் இல்லை, ஆகையால் மூச்சு இருக்கிறது. உன் அறிவுதான் அதைப் பிடிக்குமளவு கூர்மையாகவில்லை. வழக்கமாக அது தொடும் இடத்திலேயே காத்திரு, வரும். 1500 ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த அறிவுரையில் இருக்கும் பரிவும் தெளிவும் இன்றைய பல கையேடுகளில் இல்லை.

தமிழ் மரபில் மூச்சை அளந்து அடக்கும் முதல் வழியின் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது. வாசி என்றும் சரம் என்றும் சித்தர் நூல்கள் மூச்சைப் பேசும். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் உள்ளிழுக்க 16, உள்ளே நிறுத்த 64, வெளிவிட 32 மாத்திரை என்று கணக்கு வகுத்துத் தருகிறது. ஆயினும் அறியும் வழியும் இங்கே இல்லாமல் இல்லை. ஒரு நாளுக்கு 21,600 மூச்சு என்பது யோக நூல்களின் கணக்கு. 60 நாழிகைக்கு நாழிகை ஒன்றுக்கு 360 வீதம், அதாவது நிமிடத்துக்கு 15. இன்றைய மருத்துவம் தரும் அளவுக்குள் இது கச்சிதமாகப் பொருந்துகிறது. போவதும் வருவதுமான இம்மூச்சே யாரும் செபிக்காமல் தன்னைத் தானே செபித்துக்கொண்டிருக்கும் அசபை மந்திரம் என்ற கருத்தில், மூச்சை ஆளும் முயற்சி பின்னுக்குப் போய் அதைக் கேட்டிருத்தல் முன்னுக்கு வந்துவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டில் ரமணர் இதைத் தெளிவாகவே பிரித்துச் சொன்னார். மனமும் மூச்சும் தோன்றும் இடம் ஒன்றே என்பதால் மூச்சடங்கினால் மனம் அடங்கும். ஆனால் அது மூச்சு அடங்கியிருக்கும்வரைக்கும்தான் என்று அவருடைய ‘நான் யார்?’ என்ற சிறுநூல் கூறுகிறது. அடக்குவது வன்மையான முறை, மூச்சைக் கவனித்திருப்பதும் பிராணாயாமத்தில் ஒரு வகையே என்பது உரையாடல்களில் அவர் சொன்ன கருத்து.

துறவிகளின் பயிற்சி இல்லறத்தாரின் அன்றாடப் பழக்கமாக மாறியதில் பர்மாவின் பங்கு பெரியது. 1885இல் மண்டலே ஆங்கிலேயரிடம் வீழ்ந்த பின், சமயத்தைக் காக்கும் பொறுப்பை மடங்களிடம் மட்டும் விட்டுவைக்கலாகாது என்று கருதியவர் லெடி சயாடோ (1846–1923) என்ற துறவி. எளிய பர்மிய மொழியில் பொதுமக்களுக்காக அவர் எழுதிய நூல்களில் மூச்சுத் தியான விளக்கமும் ஒன்று. அவரிடம் கற்ற சயா தெட்ஜி (1873–1945) ஓர் உழவர். அந்த உழவரிடம் 1937இல் கற்ற ஊ பா கின் கணக்குத் துறை அலுவலர்; 1948இல் சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர் ஆனார். தம் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் கற்பித்து, 1952இல் ரங்கூனில் தியான மையம் ஒன்றையும் நிறுவினார். கோப்புகளுக்கும் கெடுக்களுக்கும் நடுவே இருக்கும் ஒருவர் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாக நின்றது. அவருடைய மாணவரும் மண்டலேயில் பிறந்த வணிகருமான எஸ். என். கோயங்கா 1969இல் இந்தியா வந்து பத்து நாள் முகாம்களைத் தொடங்கினார். இன்று சென்னை உட்பட உலகின் பல ஊர்களில் நடக்கும் அம்முகாம்களில் முதல் மூன்று நாளும் மூக்கைச் சுற்றிய சிறு பகுதியில் இயல்பான மூச்சை அறிவது தவிர வேறு வேலை கிடையாது.

முகாமின் மௌனம் வீட்டில் கிடைக்காது. பிரஷர் குக்கர் விசில் அடிக்கும், பிள்ளைகள் கூப்பிடுவார்கள், கைப்பேசி அதிரும். அன்றாடப் பயிற்சி இதற்குள்ளேதான் இடம்பிடிக்க வேண்டும். காலையில் மற்ற வேலைகள் தொடங்குமுன் ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் ஒதுக்கி, இருபது நிமிடமானாலும் நாள் தவறாமல் உட்காருவது, விடுமுறை நாளில் மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட மேல். தரையில் அமர முடியாதவர் நாற்காலியில் அமரலாம். முதுகு நிமிர்ந்திருந்தால் போதும். சில மூச்சுகளுக்குள் மனம் எங்கோ போயிருக்கும். போய்விட்டது என்று தெரியவரும் அந்தக் கணத்தில் விழிப்பு திரும்பிவிட்டது; தன்னைக் கடிந்துகொள்ளாமல் அடுத்த மூச்சுக்கு வந்தால் வேலை முடிந்தது. ஓர் அமர்வில் இது ஐம்பது தடவை நடந்தால் ஐம்பது தடவையும் பயிற்சிதான். உறக்கம் வந்தால் கண்ணைத் திறந்துகொள்ளலாம், எழுந்து நடக்கலாம். மூச்சைத் தள்ளிவிடும் பழக்கம் விடாமல் தொந்தரவு செய்தால் வெளிமூச்சு முடிந்து அடுத்தது தொடங்குமுன் உள்ள சிறு இடைவெளியில் காத்திருப்பது உதவும். அடுத்த மூச்சு யாரும் அழைக்காமல் தானே வருவதை அங்கே நேராகக் காணலாம்.

அமர்வுக்கு வெளியிலும் இதற்கு இடமுண்டு. கோபத்தில் மூச்சு மேலேறுவதும், அச்சத்தில் நின்றுவிடுவதும், பொய் சொல்லப்போகும்போது தடுமாறுவதும் பழகியவருக்குச் சொல்லுக்கு முன்பே தெரிந்துவிடுகின்றன. பதில் சொல்வதற்கும் பதிலுக்குப் பாய்வதற்கும் நடுவே ஒரு மூச்சளவு அவகாசம் கிடைக்கிறது. இல்லறத்தில் இருப்பவருக்கு இந்தப் பயிற்சி தரும் பெரும் நன்மை இதுவாகவே இருக்கக்கூடும். தியானத்தில் தோன்றும் ஒளிகளும் இன்பங்களும் இதற்குப் பிறகுதான்.

மூச்சுக்கும் மனக்கலக்கத்துக்கும் உள்ள உறவை உடலியலும் ஓரளவு விளக்குகிறது. உள்மூச்சில் இதயத் துடிப்பு சற்று விரைகிறது. வெளிமூச்சில் பத்தாம் கபால நரம்பின் செயலால் தணிகிறது. நிமிடத்துக்கு ஆறு என்ற அளவை ஒட்டி மூச்சு மெதுவாகும்போது இந்த ஏற்றத்தாழ்வு மிகப் பெரிதாகிறது. மூச்சுத் தாளத்தை உருவாக்கும் முகுளப் பகுதி 1991இல் அடையாளம் காணப்பட்டது. அங்கிருந்து உடலின் விழிப்பு நிலையைக் கூட்டும் மூளை மையத்துக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பணுக்கள் இருப்பதையும், அவற்றை நீக்கினால் சுண்டெலிகள் வழக்கத்தைவிட அமைதியாகிவிடுவதையும் 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி, மூச்சறிதலைச் சமயச் சாயலின்றி நோயாளிகளுக்குக் கொண்டுசென்றது. வலியோடும் பதற்றத்தோடும் வாழ்பவர்களுக்கு அது செய்துவரும் நன்மை பெரிது. ஆனால் மன அழுத்தம் குறைவது பதினாறு படிகளில் முதல் நாலைந்தின் துணைவிளைவு மட்டுமே. போன மூச்சை யாராலும் பிடித்துவைக்க முடியவில்லை என்று கண்டறிவதும், அதனால் பிடி தளர்வதும் கடைசிப் படிகளின் வேலை. அந்த வேலையைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பயிற்சியின் பாதி கைநழுவிப் போகிறது.

எல்லாருக்கும் மூச்சே பொருந்தும் என்று பழைய ஆசிரியர்கள் சொல்லவில்லை. விசுத்திமக்கம் 40 தியானப் பொருள்களை வரிசைப்படுத்தி, இன்ன இயல்பினருக்கு இன்னது என்று பிரித்துத் தருகிறது. மூச்சை மயக்கம் மிகுந்தவர்க்கும் ஓயாமல் எண்ணமிடுபவர்க்கும் உரியதாக வைக்கிறது. சினம் மிகுந்தவர்க்கு அன்பைப் பரப்பும் தியானத்தையும் நிறங்களை நோக்கும் தியானங்களையும் சொல்கிறது. இந்தப் பகுப்பு இன்றும் பயன்படும். மூச்சைக் கவனித்ததுமே நெஞ்சு இறுகிப் பதறுபவர்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் பழைய அதிர்ச்சிகளைச் சுமப்பவர்களுக்கும் அப்படி நேரலாம். அவர்கள் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பாதம் தரையில் படுவதைக் கவனித்து நடப்பதும், வெளியிலிருந்து வரும் ஒலிகளைக் கேட்டிருப்பதும், பிறர் நலத்தை விரும்பி அமர்ந்திருப்பதும் அவர்களுக்கு ஏற்ற வழிகள். கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் நீண்ட மௌன முகாம்களில் சேருமுன் தங்கள் மருத்துவரிடம் கலந்து பேசிக்கொள்ள வேண்டும்.